மரபணு அறிக்கை கையில் வந்த பிறகு: கேள்வி பதில்

மருத்துவ மரபியல்தான் என் தொழில். மரபணுப் பரிசோதனை, துல்லிய மருத்துவம் பற்றி எதையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரின் இடத்தை என் பதில்கள் நிரப்பிவிடாது.

கேள்வி: மனித மரபணுத்தொகையை 2003லேயே படித்து முடித்தாயிற்று என்றுதான் பாடத்தில் இருந்தது. 2022ல் மறுபடியும் "முடித்துவிட்டோம்" என்று அறிவித்தார்களே, ஏன்?

பதில்: 2003ல் முடிந்தது, அன்றைய கருவிகளுக்கு எட்டிய பகுதி. மரபணுத்தொகை என்பது நம் மொத்த டி.என்.ஏ.; அதில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் ஏறக்குறைய 8 சதவீதம் எட்டாமல் நின்றது. டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாகப் படித்து, பிறகு ஒட்டுவதே பழைய முறை. எட்டாத பகுதியிலோ பெரும்பாலும் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும். நூறு பக்கத்திலும் ஒரே வரி அச்சாகியிருக்கும் புத்தகத்தைக் கிழித்துப் போட்டால், எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று எப்படி ஒட்டுவது? நீளமான துண்டுகளை ஒரே மூச்சில் படிக்கும் கருவிகள் வந்த பிறகே அது கைகூடியது. ஒய் குரோமோசோமுக்கு 2023 வரை ஆயிற்று.

கேள்வி: டாக்டர், துல்லிய மருத்துவம் என்றால் எனக்கென்றே தனியாக மருந்து செய்து தருவார்களா?

பதில்: அநேகமாக இல்லை. மருந்து பொதுவானதுதான், அது யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று முன்கூட்டியே பிரித்தறிவதே துல்லியம். நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதை 1960ல் கண்டார்கள். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்த வினை அது என்று 1973ல் அமெரிக்க மரபியலாளர் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டில் பிறக்கும் புரதம், செல்லை ஓயாமல் பெருகச் சொல்கிறது. அதன் வாயை அடைக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001ல் அனுமதி கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் மாத்திரைக்கும் இடையே 41 ஆண்டுகள். "புரட்சி" என்று தலைப்பு வரும்போதெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும்.

ஒரே ஒருவருக்காக மருந்து செய்ததும் உண்டு. உடலில் அம்மோனியா தேங்கும் அரிய குறைபாட்டுடன் பிறந்த ஒரு குழந்தைக்காக, அதன் மரபணுவில் இருந்த பிழையை மட்டும் திருத்தும் சிகிச்சையை ஏறத்தாழ 6 மாதங்களில் உருவாக்கி, 2025ல் அமெரிக்காவில் கொடுத்தார்கள். அசாத்தியமான வேலை. ஆனால் அது இன்னும் விதிவிலக்குதான்.

கேள்வி: என் அம்மாவுக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது, இப்போது நலமாக இருக்கிறார். எனக்குப் பரிசோதித்ததில் பி.ஆர்.சி.ஏ.-2 மரபணுவில் "முக்கியத்துவம் தெரியாத மாறுபாடு" என்று வந்திருக்கிறது. மார்பகங்களை எடுத்துவிடுவது நல்லதா? இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.

பதில்: இந்த அறிக்கையை வைத்து அறுவை சிகிச்சை வேண்டாம். அந்தச் சொற்றொடருக்கு "கொஞ்சம் ஆபத்து" என்று பொருள் இல்லை. பி.ஆர்.சி.ஏ. என்பவை டி.என்.ஏ. சேதத்தைச் சரிசெய்து புற்றுநோயைத் தடுக்க உதவும் மரபணுக்கள். உங்களுடைய பி.ஆர்.சி.ஏ.-2ல் ஒரு மாற்றம் இருக்கிறது. அது தீங்கு செய்யுமா என்று சொல்ல ஆய்வகத்திடம் போதிய சான்று இல்லை. அவ்வளவுதான். பின்னாளில் தெளிவு கிடைக்கும்போது இப்படிப்பட்ட மாறுபாடுகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே வகைப்படுத்தப்படுகின்றன. தீங்கானது என்று உறுதியான பி.ஆர்.சி.ஏ. பிறழ்வு வேறு சங்கதி: அதைச் சுமக்கும் பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. உங்களுக்கு முன் அம்மாவுக்கு ஏன் பரிசோதிக்கவில்லை? தொடங்க வேண்டிய இடம் நோய் வந்தவர்தான். அவரிடம் உறுதியான பிறழ்வு ஒன்று கிடைத்து, அது உங்களிடம் இல்லையென்றால், நிஜமாகவே மூச்சு விடலாம். அவரிடமும் எதுவும் கிடைக்கவில்லையென்றால், உங்கள் அறிக்கை சுத்தமாக இருந்திருந்தாலும் அதற்குப் பெரிய பொருள் இல்லை. 42 வயதில் வந்தது என்ற குடும்ப வரலாறு அப்படியே நிற்கிறது. அந்த வரலாறே உங்களுக்கு மார்பகக் கண்காணிப்பை மற்றவர்களைவிட முன்னதாகத் தொடங்கப் போதுமான காரணம். அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்திடம் "வகைப்பாடு மாறியதா?" என்றும் கேளுங்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: வீட்டுக்கே வரும் எச்சில் பரிசோதனையில் பி.ஆர்.சி.ஏ. பிறழ்வு இல்லை என்று வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: அதை நம்பி இருக்க முடியாது. 2018ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அத்தகைய ஒரு பரிசோதனை தேடியது வெறும் 3 பிறழ்வுகளை. அவையும் மத்திய, கிழக்கு ஐரோப்பிய வம்சாவளியினரான அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. தீங்கானவை என்று அறியப்பட்டவையோ ஆயிரக்கணக்கில் உள்ளன. மூன்று அறைகளில் தேடிவிட்டு மாளிகையில் திருடன் இல்லை என்பதைப் போன்றது இது.

கேள்வி: அண்ணனுக்கு வலிப்புக்காக கார்பமசெபின் கொடுத்தார்கள். தோல் உரிந்து தீவிர சிகிச்சைக்குப் போய்த் தப்பினார். எச்.எல்.ஏ.-பி 15:02 இருக்கிறது என்றார்கள். எனக்கும் ஆபத்தா?

பதில்: எச்.எல்.ஏ.-பி 15:02 என்பது நோய் எதிர்ப்பு சக்தி தொடர்பான ஒரு மரபணுவின் ஒரு வகை. அந்த வகை உங்களிடமும் இருக்க ஏறத்தாழ 2ல் 1 வாய்ப்பு. இருந்தாலும், மருந்தை எடுக்கும் வரை அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. எடுத்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இந்த விளைவு வருவதில்லை. ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே பரிசோதிக்காமல் அந்த மருந்தை நீங்கள் தொட வேண்டாம். அண்ணனுக்கு அது ஆயுளுக்கும் கூடாது. அதோடு ஒத்த மருந்துகள் எவை என்று மருத்துவரிடம் பட்டியல் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மொத்தத் துறையிலும் மிகவும் பயனுள்ளதும் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவதும், எந்த மருந்து யாருக்கு ஒத்துவரும் என்று மரபணுவில் பார்க்கும் இந்தப் பகுதிதான் என்பேன். கோடீன் என்ற வலி மருந்தைப் பாருங்கள். கல்லீரல் நொதி ஒன்று அதை மார்பினாக மாற்றினால்தான் வலி குறையும். சிலருக்கு அந்த நொதி வேலையே செய்யாது. மாத்திரை போட்டும் வலி அப்படியே இருக்கும். வேறு சிலருக்கோ அது வெறிகொண்டு வேலை செய்து மார்பினைக் குவித்துவிடும். மூச்சே நின்று குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். நோயாளி "மாத்திரை கேட்கவில்லை" என்றால் நடிக்கிறார் என்று நினைக்கும் மருத்துவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கான மரபணு மதிப்பெண்ணில் 100 பேரில் 82 பேரைவிட எனக்கு ஆபத்து அதிகமாம். நம்பலாமா?

பதில்: இந்த மதிப்பெண், பல மரபணு மாறுபாடுகளின் சிறு சிறு தாக்கங்களைக் கூட்டிப் போடும் கணக்கு. யாருடைய தரவை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். இத்தகைய மதிப்பெண்களுக்கு அடிப்படையான ஆய்வுகளில் மிகப் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வம்சாவளியினர். மற்றவர்களுக்குக் கணிப்பு தளர்ந்துபோகும். இதய தசை தடிக்கும் நோய்க்குக் காரணம் என்று பட்டியலிட்ட சில மாறுபாடுகள், கறுப்பின மக்களிடம் சாதாரணமாகவே இருப்பவை என்று 2016ல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்குள் சிலருக்கு இல்லாத நோயின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரு சாதாரண ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை.

கேள்வி: என் மரபணுத் தகவலைக் காட்டி காப்பீடு மறுப்பார்களா?

பதில்: நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம்கூட மருத்துவக் காப்பீட்டையும் வேலையையும்தான் காக்கிறது. ஆயுள் காப்பீட்டை அல்ல. கையொப்பமிடும் முன் விசாரியுங்கள்.

கேள்வி: பிறந்தவுடன் எல்லாக் குழந்தைகளுக்கும் முழு மரபணுத்தொகையையும் படித்துவிட்டால் என்ன?

பதில்: காரணம் புரியாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் குழந்தைக்கு, இன்றே படியுங்கள், சில நாட்களில் விடை கிடைத்து சிகிச்சையே மாறியதுண்டு. நலமாக இருக்கும் குழந்தைக்கு, சிறு வயதில் தாக்குகிற, மருந்து இருக்கிற நோய்களை மட்டும் தேடலாம். ஐம்பது வயதில் வரக்கூடியதைத் தெரிந்துகொள்வதா என்பதை வளர்ந்தபின் அந்தப் பிள்ளை சொல்லட்டும்.

கேள்வி: எச்சில் மாதிரி கொடுக்கும் முன் காபி குடிக்கலாமா?

பதில்: கூடாது. அரை மணி நேரம் எதையும் உண்ணவோ குடிக்கவோ வேண்டாம்.