வீட்டில் கட்டிய பாய்ப்படகுக்கு எந்த ஏரா, எந்த போல்ட்?

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: மரைன் பிளைவுட்டில் 16 அடிப் பாய்ப்படகு கட்டியிருக்கிறேன். பக்கக் காற்றில் நேராகப் போகாமல் ஒதுங்குகிறது. 3 அடி ஆழ இரும்பு ஏராவை (படகின் அடியில் நீளவாக்கில் இறங்கி, ஒதுங்காமல் பிடிக்கும் பாகம்) எவர்சில்வர் போல்ட்டோடு மாட்டித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். மாட்டலாமா?

வேண்டாம். உங்கள் கரையில் இடுப்பளவுத் தண்ணீருக்கே வெகுதூரம் நடக்க வேண்டும். அங்கே 3 அடி ஏரா சேற்றில் ஊன்றிக்கொள்ளும். படகு சாய்ந்தால் மொத்தப் பாரமும் ஏராவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை நெம்பி அடிப்பலகையைப் பிளந்துவிடும். முன்னிருந்து பின்வரை 8 அங்குலம் இறங்கும் நீள மர ஏரா போதும். இன்னும் பிடிப்பு வேண்டுமென்றால், தூக்கி இறக்கும் பக்கப் பலகை போடுங்கள்.

போல்ட் ஏராவைத் துளைத்து வங்குக்கால் (படகின் உள்ளே விலா எலும்பு போல நிற்கும் குறுக்குச் சட்டம்) வரை ஏற வேண்டும். வெறும் பிளைவுட்டின் மேல் நட்டை முடுக்காதீர்கள்.

ஏமாற்று வேலை நடப்பது இந்த போல்ட்டில்தான். காந்தம் வைத்துக் காட்டி, "ஒட்டவில்லை, அசல் மரைன் சரக்கு" என்பார்கள். நம்பாதீர்கள். எவர்சில்வரில் மட்டமான 304 ரகமும் நல்ல 316 ரகமும் காந்தத்தில் பெரும்பாலும் ஒட்டாது. போல்ட்டின் தலையைத் திருப்பிப் பாருங்கள்: ஏ2 என்றிருந்தால் 304, ஏ4 என்றிருந்தால் 316. பில்லிலோ வெறும் "எஸ்.எஸ். போல்ட்" என்றுதான் எழுதுகிறார்கள்.

ஏ4 கூட ஈர மரத்துக்குள் காற்றுப் படாமல் கிடந்தால் அரிக்கும். நான் கழற்றிய ஒரு போல்ட்டில் தலையும் நட்டும் பளபளவென்று இருந்தன. நடுவில் பென்சில் முனையாகத் தேய்ந்திருந்தது. ஆகவே ஏராவுக்கு எவர்சில்வரே வேண்டாம். ஒரே ஒரு விதிவிலக்கு: துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சிப் பசை ஊற்றி நிரப்பி, அது இறுகியபின் நடுவில் மறுபடி துளைத்து, ஈரம் தொடாதபடி சீலன்ட் தடவி மாட்டினால் ஏ4 போடலாம். இதில் ஒரு படி விட்டாலும் போடாதீர்கள்.

மற்றபடி, உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜிஐ போல்ட்டே போதும். அது மங்கலான சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். மினுமினுப்பானது மெல்லிய பூச்சு, உப்பில் நிற்காது. பித்தளையும் கூடாது.

ஒரு வருடம் ஓட்டியபின் நடு போல்ட் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். மெலிந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். தரகருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.