அடித்தல் திருத்தலோடு ஜேன் ஆஸ்டின்

அன்புள்ள சார்,

முதுகலை ஆங்கிலம் முதலாண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ பாடம். நல்ல பதிப்பு வாங்கக் காசில்லை, நூலகத்தில் நோட்ஸ்தான் இருக்கிறது. இணையத்திலோ கதைச்சுருக்கமாகக் கொட்டுகிறது. இலவசமாக உருப்படியாக ஏதாவது உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்டு, நிறையவே. நாவல் கூட்டன்பர்க் தளத்தில் இருக்கிறது, இறக்கிக்கொள்ளுங்கள். காதால் கேட்க லிப்ரிவாக்ஸ். அங்கே வாசிப்பவர்கள் தன்னார்வலர்கள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் குரல் மாறினால் எனக்கு எரிச்சல் வரும், ஒரே ஆள் வாசித்ததாகப் பார்த்து எடுங்கள்.

ஆனால் நீங்கள் முதலில் போகவேண்டிய இடம் வேறு. ‘ஜேன் ஆஸ்டின்ஸ் ஃபிக்‌ஷன் மேனுஸ்கிரிப்ட்ஸ்’ என்று தேடுங்கள். ஆஸ்டினின் கையெழுத்துப் பிரதிகளைப் படமாகப் போட்டு, பக்கத்திலேயே அடித்தல் திருத்தல் மாறாமல் படியெடுத்தும் வைத்திருக்கிறார்கள். அச்சான ஆறு நாவல்களில் அவர் கைப்பட எழுதி மிஞ்சியிருப்பது உங்கள் பாடநூலின் முடிவுக்கு அவர் முதலில் எழுதிய இரண்டு அத்தியாயங்கள் மட்டும்தான் (உங்களுக்கு யோகம்!). 1816 ஜூலை 18 என்று தேதி போட்டு முடித்தே விட்டார். அப்புறம் மனசு ஒப்பவில்லை. அந்த முடிவில் அட்மிரல் கிராஃப்ட், கதாநாயகி ஆன் என்பவளைத் தன் வீட்டுக்குள் அழைத்துப்போகிறார், உறவுக்காரர் எலியட்டை அவள் கட்டிக்கொள்ளப் போகிறாளா என்று கேட்டுச் சொல்லும் வேலை, பாவம், அவளுடைய பழைய காதலன் வென்ட்வொர்த் தலையில் விழுகிறது, அவள் இல்லை என்கிறாள், அவ்வளவுதான், இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். நோட்ஸில் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்களே வென்ட்வொர்த்தின் கடிதம், அது அதில் கிடையவே கிடையாது! ஆணா பெண்ணா, யார் அதிக நாள் காதலை மறக்காமல் இருப்பது என்று விடுதியில் ஆனும் வென்ட்வொர்த்தின் நண்பர் ஹார்வில்லும் பேசுவதும், அதைக் கேட்டபடி வென்ட்வொர்த் அந்தக் கடிதத்தை எழுதுவதும் மாற்றி எழுதியபோது வந்தவை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு உங்கள் கட்டுரையைத் தொடங்குங்கள்.

அதே தளத்தில், அவர் முடிக்காமல் விட்ட ‘தி வாட்சன்ஸ்’ பிரதியையும் பாருங்கள். திருத்த இடம் போதாமல் தாள் துண்டில் எழுதி, பக்கத்தோடு குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறார், தையல் தெரிந்த கை.

விமர்சனத்துக்கு ‘பெர்சுவேஷன்ஸ் ஆன்லைன்’ என்ற இணைய இதழ். வட அமெரிக்க ஜேன் ஆஸ்டின் சங்கம் 1999 முதல் நடத்துவது. தரம் முன்னேபின்னே இருக்கும், ஆனால் கட்டணமில்லை. 1884இல் பிரேபோர்ன் பிரபு பதிப்பித்த ஆஸ்டினின் கடிதங்களும் இலவசம்தான், அவர் கத்தரி போட்டவர் என்பதை நினைவில் வைத்து மேற்கோள் காட்டுங்கள்.

ஒன்று மட்டும், கையெழுத்துப் படங்களை மொபைலில் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், கல்லூரிக் கணினி அறையில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.