பெரிய டிவியில் படம் மங்குகிறதா? மெக்கானிக்கிடம் கேளுங்கள்

கேள்வி: எங்கள் 53 அங்குல புரொஜக்ஷன் டிவியில் எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் தனித்தனியாகத் தெரிகின்றன. ட்யூப் போய்விட்டதா?

பதில்: ட்யூப் மேல் பழி போடாதீர்கள். பெட்டிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்ன ட்யூப்கள் இருக்கின்றன. மூன்றின் படமும் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வேண்டும். விலகினால் அது கன்வர்ஜென்ஸ் கோளாறு. மெனுவில் கன்வர்ஜென்ஸுக்குப் போய், திரையில் வரும் கூட்டல் குறி வெள்ளையாகும்வரை நகர்த்துங்கள். டிவி போட்டு அரை மணி நேரம் கழித்துச் செய்யுங்கள், சூடேறினால் நிறங்கள் கொஞ்சம் இடம் மாறும். கோடுகள் வில்லாக வளைந்தே நின்றால் மெனுவால் ஆகாது. பெரும்பாலும் கன்வர்ஜென்ஸ் ஐசி (நிறங்களை ஒன்றாக உட்காரவைக்கும் சிப்) போயிருக்கும். மாற்றுகிறவர் பக்கத்து ரெசிஸ்டர்களையும் அளந்தாரா, ஐசியின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கில் பேஸ்ட் தடவினாரா என்று நின்று பாருங்கள். இல்லையென்றால் புது ஐசியும் அதே வழியில் போகும்.

கேள்வி: எங்கள் புரொஜக்ஷன் டிவியில் நிறங்கள் விலகவில்லை. ஆனால் வெள்ளை எழுத்தைச் சுற்றிப் பனி மூடியது போல இருக்கிறது. ஃபோகஸை இரண்டு முறை திருப்பியும் பலனில்லை.

பதில்: ஃபோகஸை விடுங்கள். ட்யூபுக்கும் லென்ஸுக்கும் நடுவே, சூட்டைத் தணிக்க எத்திலீன் கிளைக்கால் கலந்த திரவம் நிரப்பியிருப்பார்கள். வருஷக்கணக்கில் அது கலங்கும், பூஞ்சையும் பிடிக்கும். டிவியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லென்ஸுக்குள் டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். போன மாதம் ஒரு வீட்டில் பச்சை ட்யூபில் அடித்துப் பார்த்தேன். உள்ளே நீர்மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. வடித்து, கண்ணாடியைத் துடைத்து, புதுத் திரவத்தைச் சுவரோரமாக மெல்ல ஊற்றி, குமிழி அடங்க ஒரு ராத்திரி விட்டேன். மறுநாள் சப்டைட்டில் பளிச்சென்று படிக்க முடிந்தது. வடித்ததை டம்ளரில் வைத்துவிடாதீர்கள். இனிக்கும், ஆனால் விஷம். குழந்தையும் நாயும் இருக்கிற வீட்டில் ரொம்பக் கவனம்.

கேள்வி: புரொஜக்ஷன் டிவிக்குள் படத்தைத் திருப்பும் பெரிய கண்ணாடியைக் கிளீனர் போட்டுத் துடைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பூச்சு பின்னால், இதற்கு முன்னால். அழுத்தித் தேய்த்தால் பூச்சு போய்விடும். மெத்தென்ற பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும்.

கேள்வி: நீலம் மட்டும் கூர்மையாக இல்லையே?

பதில்: பல மாடல்களில் வெள்ளை சரியாக வர, கம்பெனியிலேயே நீலத்தின் ஃபோகஸைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருப்பார்கள். தொடாதீர்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய 29 அங்குல சாதா டிவி. காலையில் போட்டால் மங்கல், பத்து நிமிஷத்தில் தெளிவு. வீடு கடற்கரைப் பக்கம்.

பதில்: உப்புக்காற்றின் வேலை. ட்யூப் கழுத்தில் மாட்டும் சாக்கெட்டில் ஃபோகஸ் பின் இருக்கும் அறை ஈரம் பிடித்து, பச்சைப் பாசி போலத் துருவேறும், ஃபோகஸ் வோல்டேஜ் கசியும். சூடேறி ஈரம் காய்ந்ததும் படம் தெளியும். சாக்கெட்டை மாற்றுங்கள், அதிகச் செலவில்லை. ட்யூபையே மாற்றச் சொல்கிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். நீங்களே கை வைக்க வேண்டாம். ட்யூபில் 25,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மிச்சம் தங்கும்.

கேள்வி: பத்து வருஷப் பழைய எல்சிடி. செட்டாப் பாக்ஸ் மாற்றியதிலிருந்து மங்கல்.

பதில்: பின்னால் பாருங்கள், மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயர்தானே மாட்டியிருக்கிறது? எச்டி பாக்ஸாகவே இருந்தாலும் அதில் எச்டி வராது. எச்டிஎம்ஐ கேபிள் மாட்டுங்கள். டிவி மெனுவில் ஷார்ப்னெஸ்ஸையும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.