அப்பா கட்டிய சோறு என்னவாகிறது?

கேள்வி: எனக்கு 24 வயது. பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். பட்டத்துக்கு 8 மாத வேலைப் பயிற்சி கட்டாயம், அதற்குக் கிரெடிட்டும் உண்டு. ஒரு கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தில் சேர்ந்து 7 வாரம் ஆகிறது. ஏசிக்கான தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரமான சில்லரின் ரீடிங்கை நாள் முழுக்க எக்செல்லில் ஏற்றுவதுதான் வேலை. மேலாளருக்கு என்னிடம் பேச நேரமில்லை. கீழே அந்த இயந்திரங்கள் ஓடும் பிளான்ட் ரூமில் இருப்பவர்கள் ஊரிலிருந்து வந்த டெக்னீஷியன்கள், அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அப்பா விடியுமுன் எழுந்து சோறு கட்டித் தருகிறார். ஆபீசில் அதைத் திறக்கக் கூச்சமாக இருப்பதால் வெளியே சாப்பிடுகிறேன், அலவன்சில் பெரும்பகுதி அதற்கே போகிறது. மாமா சொந்தமாக நிறுவனம் வைத்திருக்கிறார். இதை விட்டுவிட்டு அங்கே பெயருக்குச் சேர்ந்து அவரிடம் கையெழுத்து வாங்கினால் கிரெடிட் கிடைக்குமா?
— ஈசூன் வாசகர்

பதில்: தம்பி, மாமா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அது நடக்காது. பல்கலைக்கழகம் முன்கூட்டியே பார்த்து ஒப்புக்கொண்ட வேலைக்குத்தான் கிரெடிட். அதையும் நிறுவனத்தில் ஒருவர், பல்கலைக்கழகத்தில் ஒருவர் என்று இரண்டு பேர் மேற்பார்த்து மதிப்பிடுவார்கள். செய்யாத வேலைக்கு மாமா போடும் கையெழுத்து பொய்க் கையெழுத்து. குடும்பத்தில் ஒரு பெரியவரைப் பொய் சொல்லக் கூப்பிடுகிறோமே என்ற உறுத்தல்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. பாதியில் நின்றால் கிரெடிட்டும் போகும், பட்டமும் தள்ளிப்போகும். சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகமான எஸ்ஐடியில் இப்படிப்பட்ட பயிற்சி பெரும்பாலும் 8 முதல் 12 மாதம் வரை நடக்கிறது. 7 வாரத்தில் எதையும் முடிவு கட்டிவிட முடியாது.

சரி, இப்போது நான் கேட்கிறேன். அப்பா கட்டிய சோறு என்னவாகிறது?

கடிதத்தை மூன்று முறை படித்தேன். வெளியே சாப்பிடுவது இருக்கிறது, காசு கரைவது இருக்கிறது. சோறு எங்கே போகிறது என்பது மட்டும் இல்லை. நிறைந்த பெட்டியோடு வீட்டுக்குப் போனால் அப்பா கேட்பார். அப்படியானால் ஆபீஸ் குப்பைத் தொட்டியில் கொட்டி, பேன்ட்ரியில் பெட்டியைக் கழுவி, வெறும் பெட்டியைத்தான் எடுத்துப் போகிறீர்கள். மகன் வயிறாரச் சாப்பிட்டான் என்று நம்பி, மறுநாளும் அந்த மனிதர் விளக்கைப் போட்டு வெங்காயம் நறுக்குகிறார். வாரத்துக்கு 5 நாள், 7 வாரம். 35 பெட்டி.

இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றவர்களை வயதான காலத்தில் பார்த்துக்கொள்வதைத்தான் எல்லாரும் கடமை என்கிறார்கள். அது பின்னால் வரும். அவர்கள் கையால் கொடுத்ததை நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து சாப்பிடுவது அதற்கு முந்திய கடமை. குழம்பு வாசம் வந்தால் வரட்டும். அந்தச் சோறுதான் உங்களைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்து விட்டிருக்கிறது.

பெட்டியைத் திறக்கவிடாத கூச்சம்தான் உங்களைப் பிளான்ட் ரூமுக்கும் இறங்கவிடாமல் வைத்திருக்கிறது. ‘ஊரிலிருந்து வந்தவர்கள்’ என்று எவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட்டீர்கள்! அவர்களும் மதியம் சோற்றுப் பொட்டலம்தான் பிரிக்கிறார்கள். உங்கள் அப்பா வயதில் அங்கே ஒருவராவது இருப்பார்.

நீங்கள் ஏற்றும் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக சில்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் 12 டிகிரி, குளிர்ந்து வெளியே போவது 7 டிகிரி. அந்த 5 டிகிரி வித்தியாசம் ஒருநாள் 3 ஆகிவிட்டால் என்ன அர்த்தம்? பம்ப் தேவைக்கு மேல் தண்ணீரைத் தள்ளுகிறதா, மேல் மாடியில் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் ஏஎச்யூ இயந்திரத்தின் குழாய்ச் சுருளில் அழுக்கு அடைத்திருக்கிறதா? எக்செல் இதற்குப் பதில் சொல்லாது. தினமும் அந்த இரைச்சலுக்குள் நிற்பவர் குழாயைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். 7 வாரம் அந்த எண்களைத் தொட்டும், ஏன் என்று ஒருவரிடம்கூட நீங்கள் கேட்கவில்லை. மேலாளர் பேசவில்லை என்ற குறையை அப்புறம் பார்க்கலாம்.

படிப்போடு வேலையைச் சேர்க்கும் இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906-இல் 27 மாணவர்களை வைத்து இதைத் தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பு, அடுத்த வாரம் தொழிற்சாலை. பட்டறையில் இருப்பதைக் கரும்பலகையில் காட்ட முடியாது என்று கண்டவர் அவர். அந்தப் பட்டறை உங்களுக்கு மின்தூக்கியில் இரண்டு நிமிடத் தூரத்தில் இருக்கிறது.

மேலாளர் மேல் தவறே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சிக்கு வந்த பிள்ளையை நாள் முழுக்க எக்செல்லில் உட்கார வைப்பது சரியல்ல. இந்த வாரமே உங்கள் பல்கலைக்கழக மேற்பார்வையாளருக்கு எழுதுங்கள். புலம்ப வேண்டாம். எதைக் கற்க வேண்டும் என்று தொடக்கத்தில் ஒப்புக்கொண்டார்கள், இதுவரை எது நடந்தது என்று எழுதி, வாரத்தில் இரண்டு நாளாவது பிளான்ட் ரூமில் வேலை வேண்டும் என்று கேளுங்கள். 8 மாதம் முடிந்து போய் நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, இப்போது முடியும்.

அதற்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளை மதியம் பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே போங்கள். பாதுகாப்புக் காலணி போட்டுக்கொண்டு, அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இன்றிரவு அப்பாவிடம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், கூட நாலு பேர் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லுங்கள்.