அரசியல் ஆர்வமுள்ள பிள்ளைக்கு எந்த லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி? அமெரிக்கச் சேர்க்கை: கேள்வி பதில்

கேள்வி (நியூ ஜெர்சி, ஓர் அம்மா): மகள் பதினோராம் வகுப்பு. ஊர்வலம், தேர்தல் பிரசாரம் என்று எப்போதும் வெளியில்தான். மாணவர் போராட்டங்களுக்குப் பேர்போன ஓபர்லின், வெஸ்லியன் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடச் சொல்கிறார்கள். போடலாமா சார்?

பதில்: போடலாம். லிபரல் ஆர்ட்ஸ் என்றால் கலை, அறிவியல் என்று பல துறைகளையும் சேர்த்துப் படிக்கும் இளங்கலைக் கல்லூரி; அரசியல் 'லிபரல்' அல்ல. ஆனால் பேரை மட்டும் நம்பிப் போடாதீர்கள். கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதென்று ஓபர்லின் 1835-லேயே முடிவெடுத்தது. அந்தப் பாரம்பரியம் நிஜம். இருந்தாலும் கோஷம் கேட்கும் வளாகம் வேறு, அரசியல் வேலையைக் கற்றுத்தரும் வளாகம் வேறு. பிரசார வேலைதான் அவளுக்கு உயிர் என்றால் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஆக்ஸிடென்டலைப் பாருங்கள். தேர்தல் வரும் இரட்டைப்படை ஆண்டுகளில், இழுபறி மாநிலம் ஒன்றில் முழுநேரப் பிரசார வேலை பார்த்தால் அதையே ஒரு பருவத்துக்கான கிரெடிட்டாக (படிப்பு மதிப்பெண் அலகாக) எடுத்துக்கொள்ளும் திட்டம் அங்கே உண்டு. கலிஃபோர்னியாவிலேயே உள்ள கிளேர்மான்ட் மெக்கென்னா கல்லூரி, ஒரு பருவம் தலைநகர் வாஷிங்டனில் படிக்க அனுப்பும்; அதில் பகலில் இன்டர்ன்ஷிப், மாலையில் வகுப்பு.

இங்கே ஒரு கணக்கு போட வேண்டும். 2027-ல் சேர்பவருக்கு 2028 அதிபர் தேர்தல் இரண்டாம் ஆண்டிலேயே வந்துவிடும். முதலாண்டில் கட்டாயப் பாடங்களை முடிக்காவிட்டால் அந்தப் பருவத்தை வெளியே கழிக்க முடியாது. இந்தத் திட்டங்களில் இரண்டாம் ஆண்டு மாணவரை எடுப்பார்களா என்று விண்ணப்பிக்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி (டெக்சாஸ்): என் பையன் வலதுசாரிப் பக்கம். இந்தக் கல்லூரிகளில் தனித்துப்போவானா?

பதில்: சில இடங்களில் தனித்துப்போவான், மறைப்பதற்கில்லை. இரு தரப்பும் மேசையில் உட்கார்ந்து வாதாடும் இடமென்றால் கிளேர்மான்ட் மெக்கென்னா; வர்ஜீனியாவில் வாஷிங்டன் அண்ட் லீ. பின்னதில் 1908 முதல் மாதிரி மாநாடு நடக்கிறது. வெள்ளை மாளிகையில் இல்லாத கட்சி யாரை அதிபர் வேட்பாளராக நிறுத்தும் என்று மாணவர்கள் மாநிலவாரியாக ஆராய்ந்து கணிப்பார்கள். ஹில்ஸ்டேல் முழுக்கப் பழமைவாதக் கல்லூரி. மத்திய அரசுப் பணம் தொடுவதில்லை என்பதால் பெல் கிராண்டும் (குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அரசு தரும் திருப்பித் தர வேண்டாத உதவி) அரசுக் கல்விக் கடனும் அங்கே செல்லாது. கல்லூரி தரும் உதவியை மட்டும் வைத்துக் கணக்குப் பாருங்கள்.

கேள்வி: போராட்டத்தில் கலந்துகொண்டால் சஸ்பெண்ட் செய்துவிடுவார்களோ என்று பயம். முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: விளம்பரப் புத்தகத்தில் தெரியாது, மாணவர் விதிப்புத்தகத்தில் தெரியும். 'ஆர்ப்பாட்டம்' பற்றிய பகுதியைத் திறந்து இவற்றைத் தேடுங்கள்: எத்தனை நாள் முன்பே பதிய வேண்டும், ஒலிபெருக்கிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டா, இரவில் கூடாரம் போடலாமா, விசாரணைக்கு முன்பே 'இடைக்கால இடைநீக்கம்' செய்யும் அதிகாரம் யாரிடம். கடைசி வரியில் திருத்திய தேதி இருக்கும். காசா போரை எதிர்த்து 2024 வசந்தகாலத்தில் வளாகங்களில் நடந்த போராட்டங்களுக்குப் பிறகு பல கல்லூரிகள் விதிகளை மாற்றி எழுதின. பழைய பிடிஎஃப்பைப் படித்து ஏமாறாதீர்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம்: பேச்சுரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் கல்லூரியை அல்ல. கலிஃபோர்னியா இதற்கு விதிவிலக்கு. அங்கே 1992-ல் வந்த லெனார்ட் சட்டப்படி, வளாகத்துக்கு வெளியே சட்டம் பாதுகாக்கும் பேச்சுக்காக மதச்சார்பற்ற தனியார் கல்லூரியும் மாணவரைத் தண்டிக்க முடியாது. பொமோனா, பிட்சர், ஆக்ஸிடென்டல் எல்லாம் இதில் வரும். ஆனால் கட்டடத்துக்குள் புகுந்து உட்காருவதற்கு இந்தச் சட்டம் குடை பிடிக்காது.

கேள்வி (மதுரை, பன்னிரண்டாம் வகுப்பு): இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கிறேன். வீட்டில் அதிகம் செலவழிக்க முடியாது. அங்கே அரசியல் வேலை செய்யலாமா சார்?

பதில்: முதலில் பணம், தம்பி. ஆம்ஹெர்ஸ்ட், போடின் இரண்டும் வெளிநாட்டு மாணவரின் பண நிலையைப் பார்க்காமல் தேர்வு செய்து, தேவையான முழு உதவியும் தருபவை. ஸ்வார்த்மோர், கிரின்னல், மெக்கலெஸ்டர் போன்றவை சேர்த்துக்கொண்டால் முழுத் தேவையையும் ஈடுகட்டும். ஆனால் தேர்வின்போது எவ்வளவு கேட்கிறாய் என்று பார்க்கும். 'உதவி வேண்டாம்' என்று போட்டுச் சேர்ந்து அப்புறம் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பல கல்லூரிகளில் நான்கு வருடமும் கதவு மூடிவிடும். கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பான 'காமன் டேட்டா செட்'டில் எச்6 (H6) பகுதியைப் பார்: எத்தனை வெளிநாட்டு மாணவருக்கு, சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று இருக்கும்.

எஃப்-1 எனும் மாணவர் விசாவில் வாக்களிக்க முடியாது. வேட்பாளருக்கு ஒரு டாலர் நன்கொடையும் கூடாது. சம்பளமில்லாமல் கதவு தட்டலாம், போன் செய்யலாம். பணத்தை எங்கே செலவழிப்பது என்ற முடிவில் பங்கெடுக்கக் கூடாது. சம்பள இன்டர்ன்ஷிப்புக்கு சி.பி.டி. (படிப்போடு சேர்ந்த பயிற்சி வேலைக்கான) அனுமதி வேண்டும்; பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்த பிறகே கிடைக்கும். கல்லூரி தரும் ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவத்தில் அனுமதி ஏறும் முன்பே வேலையில் உட்கார்ந்தால் விசா நிலை போய்விடும். அங்கேதான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். விசா படிவத்தில் கடந்த 5 ஆண்டு சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பார்கள்; 2025 ஜூனிலிருந்து அவற்றைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்கவும் சொல்கிறார்கள்.

கேள்வி: கட்டுரையில் அரசியல் எழுதலாமா?

பதில்: எழுதலாம். நிலைப்பாட்டை விளக்கப் பாதிப் பக்கம் வீணாக்காமல், செய்த வேலையை எழுதுங்கள்: எத்தனை வீடு, எந்தக் கூட்டம், யார் மறுத்தார், அடுத்து என்ன மாற்றினீர்கள்.

கேள்வி: எர்லி டிசிஷன் போடலாமா?

பதில்: கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய ஒப்பந்தம் அது. உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதைக் கணக்கிடும் கல்லூரியின் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் வீட்டு வருமானத்தைப் போட்டுப் பார்த்து, வரும் தொகையைக் கட்ட முடிந்தால் நவம்பரில் போடுங்கள். முடியாதென்றால் ஜனவரி வழக்கமான சுற்றுதான். நாலு உதவிக் கடிதங்களை எதிரெதிரே வைத்துப் பார்க்க மே 1 வரை நேரம் இருக்கும்.