'வில் பி'யோடு 'இங்': எழுதும்போது வரும் சந்தேகங்கள் – கேள்வி பதில்

ஆங்கிலத்தில் கடிதம், மெயில், அறிவிப்பு, தேர்வு விடை எழுதும்போது ஃபியூச்சர் கன்டினியூயஸை, அதாவது 'வில் பி'யோடு 'இங்' சேரும் வடிவத்தை, எங்கே போடலாம், எங்கே கூடாது என்று பலர் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: மேடம், 'ஐ வில் அட்டெண்ட் த மீட்டிங்', 'ஐ வில் பி அட்டெண்டிங் த மீட்டிங்' இரண்டில் எது சரி? இரண்டாவதுதான் மரியாதை என்கிறார் எங்கள் மேனேஜர்.

பதில்: இலக்கணப்படி இரண்டும் சரி. மரியாதை என்பது பாதிதான் உண்மை. வெறும் 'வில்' வரும் இடத்தில் எழுதுபவரின் முடிவோ, வாக்கோ, சம்மதமோ தொனிக்கும். 'வில் பி'யோடு 'இங்' வந்தால், இது முன்பே தீர்மானமான விஷயம், தகவலுக்காகச் சொல்கிறேன் என்ற தொனி. பங்கேற்பவர் பட்டியல் தயாரிப்பவருக்கு 'ஐ வில் பி அட்டெண்டிங்' பொருத்தம். 'நீங்கள் வர முடியுமா' என்று ஒருவர் கேட்டு, அப்போதுதான் ஒப்புக்கொள்கிறீர்கள் என்றால் 'ஷ்யூர், ஐ வில் அட்டெண்ட்'.

எதிர்மறையில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. 'ஐ வில் நாட் கம் டு ஆஃபீஸ் டுமாரோ' என்று எழுதினால் 'வரமாட்டேன் போ' என்பது போலவும் படிக்கலாம். லீவ் கடிதத்தில் 'ஐ வில் நாட் பி கமிங் டு ஆஃபீஸ் டுமாரோ' என்றால் அந்த முறைப்பு இல்லை. கேள்வியிலும் அப்படியே. 'வில் யூ யூஸ் த ப்ரொஜெக்டர்?' என்பதைப் பயன்படுத்தச் சொல்லும் வேண்டுகோளாகவும் எடுத்துக்கொள்ளலாம். 'வில் யூ பி யூசிங் த ப்ரொஜெக்டர்?' என்றால் உங்கள் திட்டம் என்ன என்று மட்டும் கேட்கிறது.

ஆனால் வாக்குக் கொடுக்கும் இடத்தில் இதே மென்மை உங்களுக்கு எதிராகத் திரும்பும். 'வி வில் பி சென்டிங் த பேமென்ட் பை ஃப்ரைடே' என்பதைப் படிக்கும் வாடிக்கையாளருக்கு, அனுப்பும் எண்ணம் இருக்கிறது என்பதுதான் தெரியும், உறுதி கிடைக்காது. கொட்டேஷன், ஒப்பந்தம், உறுதிமொழிக் கடிதம் எல்லாவற்றிலும் 'வி வில் சென்ட்' என்று நேராக எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஆபீசில் எல்லோரும் 'ஐ வுட் பி அட்டெண்டிங்' என்றே எழுதுகிறார்கள். 'வுட்' இன்னும் பணிவு இல்லையா மேடம்?

பதில்: பணிவு இல்லை, குழப்பம். நம் நாட்டு அலுவலக ஆங்கிலத்தில் மிகப் பரவலான தவறு இது. 'ஐ வுட் பி அட்டெண்டிங் த மீட்டிங்' என்று பார்த்ததும், வெளிநாட்டில் இருக்கும் வாசகர் அடுத்து ஒரு 'பட்' வரும் என்று காத்திருப்பார்: வந்திருப்பேன், ஆனால்... அந்த 'ஆனால்' வராவிட்டால், இவர் வருகிறாரா இல்லையா என்று திரும்ப ஒரு மெயில் போடுவார்.

'வுட் பி'யோடு 'இங்' வர முக்கியமாக இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, கடந்த காலத்தில் சொன்னதை எடுத்துச் சொல்வது: 'ஹீ செட் ஹீ வுட் பி அரைவிங் ஆன் மண்டே'. இன்னொன்று, நடக்காத நிபந்தனை: 'இஃப் ஐ வேர் இன் சென்னை, ஐ வுட் பி அட்டெண்டிங்'. வேலைக்கான ஆஃபர் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது 'ஐ வுட் பி ஜாய்னிங் ஆன் 1 ஜூன்' வேண்டவே வேண்டாம். அது வாக்குக் கொடுக்கும் இடம். 'ஐ வில் ஜாய்ன் ஆன் 1 ஜூன்'.

கேள்வி: ஒரு நோட்டீசில் 'த எக்ஸாம் வில் பி கண்டக்டிங் ஆன் 12 மே' என்று பார்த்தேன். தவறு என்று தோன்றுகிறது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

பதில்: தேர்வு தன்னைத்தானே நடத்திக்கொள்ளாது, அதனால்தான். எழுவாய் அந்த வேலையைச் செய்கிறதா, அதன்மேல் வேலை செய்யப்படுகிறதா என்று பாருங்கள். செய்யப்படுகிறது என்றால் 'வில் பி'க்குப் பின் வினையின் மூன்றாம் வடிவம் வேண்டும்: 'வில் பி கண்டக்டட்', அதைவிட இயல்பாக 'வில் பி ஹெல்ட்'. 'சர்டிஃபிகேட்ஸ் வில் பி இஷ்யூயிங்' என்பதும் இதே கோளாறு. 'இஷ்யூட்' என்று இருக்க வேண்டும்.

'த ஷாப் வில் பி ஓப்பனிங் அட் 9' மட்டும் எப்படிச் சரி என்று கேட்பீர்கள். ஓப்பன், க்ளோஸ், ஸ்டார்ட், பிகின் போன்றவை 'திற'வுக்கும் வரும், 'திறக்கப்படு'வுக்கும் வரும். கண்டக்ட், இஷ்யூ, ஆர்கனைஸ் அப்படி வராது. 'வில் பி பீயிங் ஹெல்ட்' என்று 'இங்'கையும் மூன்றாம் வடிவத்தையும் சேர்த்து எழுத இலக்கணத்தில் இடம் உண்டு. படிப்பவர் தடுக்கி விழுவார், தவிருங்கள்.

கேள்வி: 'வைல் ஐ வில் பி டிராவலிங், ப்ளீஸ் கான்டாக்ட் மை கொலீக்'. ஆட்டோ ரிப்ளையில் இப்படி வைத்திருக்கிறேன். சரியா?

பதில்: இல்லை. 'வைல் ஐ ஆம் டிராவலிங்' என்று மாற்றுங்கள். காலத்தைக் குறிக்கும் துணை வாக்கியத்தில், அதாவது வைல், வென், அன்டில், ஆஃப்டர், ஆஸ் சூன் ஆஸ் இவற்றுக்குப் பின்னால், எதிர்காலமானாலும் 'வில்' வராது. முதன்மை வாக்கியத்தில் வரும்.

ஒரு விதிவிலக்கு: 'ப்ளீஸ் லெட் மி நோ வென் யூ வில் பி அரைவிங்' சரியே. அங்கே 'வென்' என்பது 'வரும்போது' அல்ல, 'எப்போது வருவீர்கள்' என்ற கேள்வி.

கேள்வி: 'வென் த ஆடிட்டர் கம்ஸ், வி வில் செக் த அக்கவுன்ட்ஸ்' என்பதற்கும் 'வில் பி செக்கிங்' என்பதற்கும் பொருள் மாறுமா?

பதில்: நன்றாகவே மாறும். முதல் வாக்கியத்தில் ஆடிட்டர் வந்த பிறகுதான் கணக்கைத் திறக்கிறீர்கள். இரண்டாவதில் அவர் உள்ளே நுழையும்போதே வேலை நடந்துகொண்டிருக்கிறது. எதை எழுதுகிறீர்கள் என்று ஆடிட்டருக்கு அனுப்பும் முன் யோசியுங்கள்!

கேள்வி: 'பை நெக்ஸ்ட் ஜூன், ஐ வில் பி ஒர்க்கிங் ஹியர் ஃபார் 10 இயர்ஸ். ஐ வில் பி ஹேவிங் டீம் லீட் எக்ஸ்பீரியன்ஸ் ஆல்சோ.' ரெஸ்யூமே கவர் லெட்டருக்கு. திருத்தித் தாருங்கள்.

பதில்: முதல் வாக்கியம்: 'ஐ வில் ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் 10 இயர்ஸ்'. 'பை' ஒரு கெடுவைச் சொல்லி, 'ஃபார்' அதுவரை சேர்ந்த காலத்தைச் சொன்னால் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ்தான். வெறும் 'வில் பி ஒர்க்கிங்' ஒரு கட்டத்தில் நடப்பதைக் காட்டுமே தவிர, பத்து ஆண்டைக் கூட்டிச் சொல்லாது.

இரண்டாவதில் 'ஹேவிங்' கூடாது. அனுபவம் உங்களிடம் இருக்கும் ஒன்று, நீங்கள் செய்யும் செயல் அல்ல. 'ஐ வில் ஆல்சோ ஹேவ்' போதும். நோ ('தெரி'), ஓன், நீட், பிலாங், கன்டெய்ன் ஆகியவையும் இப்படியே. 'ஹேவ்' செயலைக் குறித்தால் தடையில்லை: 'வி வில் பி ஹேவிங் லஞ்ச் அட் 1'.

கேள்வி: பிளஸ் டூ எழுதப்போகிறேன் மேடம். கோடிட்ட இடம் நிரப்பும்போது எதைப் பார்த்து இந்த டென்ஸ் என்று கண்டுபிடிப்பது?

பதில்: 'திஸ் டைம் டுமாரோ', 'அட் 5 பி.எம். டுமாரோ' போல ஒரு குறிப்பிட்ட நேரம் இருந்தால் முதலில் இதை நினையுங்கள். 'டுமாரோ' மட்டும் இருந்தால் அது அடையாளமே அல்ல. அங்கே அவசரப்பட்டுத்தான் பலர் மதிப்பெண் விடுகிறார்கள். ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில், 'செட்' என்று கடந்த காலத்தில் தொடங்கினால் 'வில் பி' 'வுட் பி' ஆகும், 'டுமாரோ' 'த நெக்ஸ்ட் டே' ஆகும், 'இங்' அப்படியே நிற்கும்.

கேள்வி: 'தே வில் பி ஸ்லீப்பிங் நவ்' என்று படித்தேன். 'நவ்' எப்படி வரும்?

பதில்: 'இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார்கள்' என்ற ஊகம். எதிர்காலமே இல்லை.

கேள்வி: 'ஐ', 'வி' வந்தால் 'ஷல் பி' என்று எழுத வேண்டுமா? 'விசிட்டிங்'கில் எத்தனை 'டி'?

பதில்: 'ஷல் பி' பழைய பிரிட்டிஷ் முறை, தவறில்லை, இன்று 'வில்' போதும். 'விசிட்டிங்'கில் விசிட்டுக்கு ஒரே 'டி'. அழுத்தம் கடைசி அசையில் விழுந்து, அந்த அசை ஒற்றை உயிரெழுத்தும் ஒற்றை மெய்யெழுத்துமாக முடிந்தால்தான் கடைசி எழுத்து இரட்டிக்கும். அதனால் ரெஃபரிங்கில் இரண்டு 'ஆர்', பிகினிங்கில் இரண்டு 'என்'. ஆஃபரிங்கில் ஒரே 'ஆர்'. டிராவலிங் போன்றவற்றுக்குப் பிரிட்டிஷ் வழக்கில் இரண்டு 'எல்', அமெரிக்க வழக்கில் ஒன்று. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.