சுருக்கமாகப் பேசவும் எழுதவும் எப்படிப் பழகுவது?

எதைச் சொன்னாலும் நீண்டுவிடுகிறது, மேலதிகாரி பாதியிலேயே கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். சொற்களை எண்ணிக் குறைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெரும்பாலும் விஷயம் நமக்கு எந்த வரிசையில் தெரியவந்ததோ அதே வரிசையில் சொல்லிக்கொண்டு போகிறோம், அதனால்தான் நீளுகிறது. கேட்பவருக்கோ தான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

நான் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளர். காலையில் வேலைக்கு முன் டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது பாதுகாப்பு பற்றிய சின்னக் கூட்டம், நடக்கும். நான் தமிழில் சொல்ல, பங்களாதேஷ் ஊழியர்களுக்கு அவர்களில் ஒருவர் வங்காள மொழியில் சொல்வார். "ராத்திரி பெய்த மழையில் மூன்றாம் மாடி சாரத்துப் பலகையெல்லாம் நனைந்திருக்கிறது, ஏற்கெனவே ஒருத்தர் வழுக்கியிருக்கிறார், அதனால் சோதித்துப் பச்சை அட்டை மாட்டும் வரைக்கும் யாரும் ஏற வேண்டாம்" என்று நான் இழுத்தால் அவர் வாயிலிருந்து அரை வரிதான் வரும். வங்காளம் தெரியாதவனுக்கும் எவ்வளவு உதிர்ந்தது என்பது காதிலேயே தெரிந்துவிடும். மழைக் கதை போனால் பரவாயில்லை, பச்சை அட்டையும் சேர்ந்து போனால்? நீங்கள் வெட்டாவிட்டால் கேட்பவர் வெட்டுவார், எதை வெட்டுவார் என்பது உங்கள் கையில் இல்லை. போதாததற்குத் தமிழில் அந்த 'வேண்டாம்' கடைசியில்தான் வருகிறது, அதற்குள் பாதிப் பேர் கவனம் போய்விடும். இப்போது இரண்டே வாக்கியம்: "மூன்றாம் மாடி சாரத்தில் ஏற வேண்டாம். பச்சை அட்டை மாட்டிய பிறகு ஏறலாம்."

உங்கள் அலுவலகத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு விஷயத்தை ஒருவரிடம் சொல்லி, அவரை இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். என்ன மிஞ்சுகிறது என்று பக்கத்தில் நின்று கேளுங்கள், கொஞ்சம் வலிக்கும்.

எழுதும்போதும் முடிவோ கேள்வியோ முதலில் வரட்டும். மேலாளருக்கு நான் அனுப்புவது இப்படி இருக்கும்: "கான்கிரீட்டை நாளைக்குத் தள்ளலாமா? கிரேன் ஆபரேட்டர் வரவில்லை. பத்து மணிக்குள் சொன்னால் லாரியை நிறுத்திவிடலாம்." விவரத்தை விட்டுவிட்டால் பிறகு நம் தலையில் விழுமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. விவரத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கீழே தள்ளினால் போதும். 1940-ல் போர் நடுவே சர்ச்சில் தன் அதிகாரிகளுக்கு அனுப்பிய குறிப்பிலும், நீண்ட அலசலையும் புள்ளிவிவரத்தையும் பின்னிணைப்பில் வையுங்கள் என்றுதான் சொன்னார். இங்கே அப்போது பிரதமராக இருந்த லீ குவான் இயூவும் 1979-ல் மூத்த அரசு அதிகாரிகளுக்குத் தெளிவான, எளிய ஆங்கிலத்தில் எழுதுவது பற்றி உரையாற்றினார். அந்த அளவு படித்தவர்களுக்கே சொல்ல வேண்டியிருந்தது, அப்புறம் நமக்கென்ன வெட்கம்.

ஆனால் ஊரில் சாவு, லீவு வேண்டும் என்று ஒருவர் வந்து நிற்கும்போது இதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்து பேசுங்கள். 'கேன்' (முடியும்), 'கெனாட்' (முடியாது) என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் நம் சிங்கப்பூர்ப் பழக்கம் அங்கே ஆகவே ஆகாது.